சாதாரண நாட்களில் சோறு போட்டவர்களுக்கு நன்றி

சேலத்திலும் ஏற்காட்டிலும் வெளியூர்களிலும் இருந்து எங்கள் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

2024-25 கல்வியாண்டு முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. சேர்வராயன் மலையில் உள்ள எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ அறுபது பேர். இந்த ஆண்டு அவர்களில் ஒருவர்கூடப் பசியோடு முதல் பாடவேளைக்கு உட்காரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்ற முறையில் இதை உங்களிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் தாயாகவும் எழுதுகிறேன்.

இதை முதன்முறையாகக் கேள்விப்படுபவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். மதியச் சத்துணவு எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, முட்டையோடு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபோது எங்கள் மலைக்கும் வந்தது. அது ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கான திட்டம். அருமையான திட்டம், சிறு பிள்ளைகளின் வருகையில் அதன் பலனைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது.

மலையில் இதனால் என்ன ஆகிறது என்பதைச் சொல்கிறேன். நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிக்கும் காலம். தாயும் தகப்பனும் விடியும் முன்பே தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பதினொரு வயதுப் பெண் தம்பியை எழுப்பி, குளிப்பாட்டி, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, பனியில் நடத்திக் கூட்டி வருவாள். பள்ளிக்கு வந்ததும் தம்பிக்குச் சூடாகப் பொங்கல் கிடைக்கும். வீட்டில் ஒரு டம்ளர் வரக்காப்பி குடித்துவிட்டு வந்த அக்கா, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை தூணோரம் நிற்பாள். எங்கள் குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, அப்படி நின்ற பிள்ளைகளின் பெயர்களை ஓர் ஆசிரியை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்குப் பிறகு ‘செய்யலாமா’ என்று யாரும் கேட்கவில்லை. ‘எப்படிச் செய்வது’ என்றுதான் பேசினோம்.

ஊர் கூடிப் பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தபோது ஊர்மக்களின் நன்கொடையையும் நம்பித்தான் அது கிளம்பியது. அரசின் பணமும் சேர்ந்து வேரூன்றியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். எங்களுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிய சேலத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அறுபதுகளில் வெளிநாட்டுக் கோதுமை ரவை உப்புமா சாப்பிட்டுப் படித்தவர். முதல் மாதம் பணத்தோடு, ‘வாங்கின கடன்’ என்று இரண்டே சொல் எழுதி அனுப்பினார். ஐயா, உங்கள் பணம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அதை நம்பித்தான் எரிவாயு சிலிண்டர் பதிவு செய்தோம்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் கேசரி, வடையோடு ஒரு வேளை விருந்து போட முன்வருபவர்கள் நிறையப் பேர். அவர்கள் நல்ல மனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பிள்ளைகள் மகிழ்ந்துதான் சாப்பிட்டார்கள். ஆனால் பள்ளிச் சமையலறை ஓடுவது விசேஷம் ஏதுமில்லாத செவ்வாய்க்கிழமைகளில். அன்றைக்குப் பருப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும், சமைப்பவருக்குக் கூலி வேண்டும். நூறு ரூபாய், இருநூறு ரூபாய் என்று மாதம் தவறாமல் அனுப்பிய நீங்கள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைகளை நடத்தினீர்கள். உங்களில் தோட்டக் கூலிக்காரர்கள் உண்டு, எங்கள் பள்ளியில் படித்துத் திருப்பூரில் வேலை பார்க்கும் பையன்கள் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பதினைந்து ரூபாய்க்குள் கணக்கை நிறுத்த முடிந்ததற்கு, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்ததே காரணம்.

அளவைச் சொன்னால் கணக்குப் புரியும். அரசின் காலை உணவில் பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. எங்கள் பிள்ளைகள் வளரும் வயது. மதிய உணவுக்கான மத்திய அரசு விதியில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம் என்றால் அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 150 கிராம். அதே விகிதத்தில் காலைக்கு 75 கிராம் என்று வைத்தோம். நாளொன்றுக்கு நாலரை கிலோ. செவ்வாய்ப்பேட்டை மளிகை வியாபாரி அண்ணன் ரவையையும் பருப்பையும் அடக்க விலைக்கே கொடுத்தார். பணம் தாமதமான மாதத்தில் மூட்டையை முதலில் ஏற்றி அனுப்பிவிட்டு, ‘பிள்ளைங்க சாப்பாடு, நிறுத்தாதீங்க’ என்றார். அண்ணா, அந்தப் பாக்கி தீர்ந்துவிட்டது. உங்கள் சொல்லுக்கான நன்றி தீராது.

மூட்டைகள் மலையேறிய விதத்தையும் சொல்ல வேண்டும். காப்பிக்கொட்டையும் மிளகும் ஏற்றிக்கொண்டு சேலம் இறங்கும் வேன்காரத் தம்பி, திரும்பும்போது வெறும் வண்டியாகத்தான் வருவார். வாரம் ஒருமுறை செவ்வாய்ப்பேட்டையில் மூட்டையையும் அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் தக்காளி, வெங்காயத்தையும் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கொண்டுவந்து, சமையல் கூடத்துக்குள் இறக்கி வைத்துவிட்டுப் போவார். டீசலுக்குக் காசு கொடுத்தால் கோபப்படுவார்.

இனி சமையல் கூடம். மகளிர் குழுவைச் சேர்ந்த இரண்டு அக்காக்களுக்கு நாங்கள் கொடுத்த கூலி சொல்லிக்கொள்ளும்படியானது அல்ல. தோட்டத்தில் பழம் பறித்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அவர்கள் பாடு கீழே இருப்பவர்களுக்கு எளிதில் தெரியாது. ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். இங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. முதல் சில வாரங்களில் சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாய் மிதந்தது, சிலிண்டரும் சீக்கிரம் காலியானது. மூத்த அக்கா முதல் நாள் சாயங்காலமே பருப்பைக் களைந்து ஊற வைக்கத் தொடங்கினார். காலையில் குக்கரில் மஞ்சள்தூளும் நாலு சொட்டு எண்ணெயும் விட்டு வேகவைத்தால் மத்தால் கடைய வேண்டிய வேலையே இல்லை. எரிவாயுச் செலவும் குறைந்தது.

காய் விஷயத்திலும் அவர்தான் வழி கண்டுபிடித்தார். மலையில் சௌசௌவுக்குப் பஞ்சமில்லை. தாய்மார்கள் வீட்டுக் கொடியிலிருந்து பறித்துக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன்கள் அதைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு எழுந்து போவார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல், மறுநாளிலிருந்து அதைத் துருவிப் பருப்போடு சேர்த்து வேகவிட்டார். சாம்பார் கெட்டியானது, தட்டும் காலியானது. வியாழக்கிழமைச் சாமை உப்புமாவுக்குச் சாமை கொடுத்ததும் மலைக்கிராமத்துத் தாய்மார்களே. தங்கள் வீட்டுக்கு வைத்திருந்ததில் படி அளந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொன்னால் சிரிக்கிறார்கள், எழுத்திலாவது இருக்கட்டும்.

கூடத்தைப் பயன்படுத்த இடம் தந்த சத்துணவு அமைப்பாளருக்கும், பரிமாறும் முன் தினமும் முதல் கரண்டியைச் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்ட ஆசிரியைக்கும், பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்ட தலைமையாசிரியருக்கும் நன்றி.

நடுவில் ஒரு நிறுவனம் ஒரு பருவத்துக்கு முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னது. பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நிற்கும் படமும் சமையல் கூடச் சுவரில் தங்கள் பெயர்ப்பலகையும் வேண்டும் என்றார்கள். குழுவில் வெகுநேரம் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பணம் எங்களுக்குத் தேவைதான். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மானம் உண்டு. அந்த மாதம் ஏற்பட்ட பற்றாக்குறையைக் கேள்விப்பட்டு, படம் கேட்காமல், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பங்கு போட்டு நிரப்பிய பழைய மாணவர்களே, உங்களை எங்கள் குழு மறக்காது.

வரவு செலவுக் கணக்கு பில்களோடு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது; யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கேட்கலாம். கையிருப்பு ஜூன் மாதத்துக்குப் போதும். பெரிய குக்கரின் மூடி ரப்பர் தளர்ந்துவிட்டது. ஆவி வெளியேறுகிறது என்று அக்காக்கள் சொல்கிறார்கள். பள்ளி திறப்பதற்குள் அதை மாற்ற வேண்டும். முடிந்தால் இன்னொரு குக்கரும் வாங்க வேண்டும், அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குக் கூடுதலாகப் பிள்ளைகள் வருகிறார்கள்.

நன்றியுடன்,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
சேர்வராயன் மலை, சேலம் மாவட்டம்.