இசை ஞானம் இல்லை என்று சொன்னாயே

அன்புக் கண்ணு,

நேற்று போனில் "எனக்கு இசை ஞானமே கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு நீ அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய், எனக்குத்தான் அது மனசிலேயே நிற்கிறது. அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தானே, கடந்து போன காரிலிருந்து ஒரு பாட்டு இரண்டு வினாடி காதில் விழுந்தது, என்ன பாட்டென்று யோசிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது என்றாய்?

உனக்குச் சுருதி சேர்த்துப் பாட வராது, சரி. ஆனால் அப்படிப் பாட வராதவர்களில் பலருக்குக் காது நன்றாகவே இருக்கும், கேட்ட ஸ்வரத்தைத் தொண்டையில் கொண்டுவருவதில்தான் தடுமாற்றம். மெட்டே பிடிபடாதவர்களும் இருக்கிறார்கள், அதை அமியூசியா என்பார்கள், நூற்றில் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். வார்த்தையை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வாசித்தால் பழகின பாட்டைக்கூட அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. நீ அந்த ரகம் இல்லை, அது எனக்கு உன் ஏழெட்டு மாதத்திலேயே தெரியும்.

எனக்கு அப்போது தொண்டை கட்டியிருந்தது. தினமும் பாடுகிற தாலாட்டை நன்றாக இறக்கிக் கரகரவென்று பாடினேன். ஒரு ஸ்வரம்கூடப் பழைய இடத்தில் இல்லை, ஆனாலும் நீ விரலை வாயில் போட்டுக்கொண்டு வழக்கம்போலச் சொக்க ஆரம்பித்தாய். ஏனென்றால் மூளை மெட்டை ஞாபகம் வைப்பது தனித்தனி ஸ்வரங்களாக இல்லை, ஒன்றிலிருந்து அடுத்தது எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்ற இடைவெளிகளாக. ஆறு மாதக் குழந்தைகளுக்கே இது வரும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அப்புறம் இரண்டாவது அடி முடிகிற இடத்தில் இருமல் வந்து நிறுத்திவிட்டேன். நீ கண்ணைத் திறந்து, விரலை எடுத்துவிட்டு, என் வாயையே பார்த்தாய். கடைசி ஸ்வரம் பாக்கி இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருந்தது!

அந்தக் காத்திருப்பில்தான் பாதி சுகமே இருக்கிறது. மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2011இல் இதை ஸ்கேன் எடுத்தே காட்டினார்கள். மனசுக்குப் பிடித்த பாட்டில் மெய்சிலிர்க்கிற இடம் வரும்போது மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் சுரக்கிறது. ஆனால் அது வருவதற்குச் சில வினாடிகள் முன்னாலேயே, 'இதோ வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்பிலேயே, மூளையின் வேறொரு பகுதியில் சுரக்கத் தொடங்கிவிடுகிறது.

உன் இரண்டு வினாடியும் அதிசயம் இல்லை. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அப்போது எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த 5 பாட்டுகளிலிருந்து 0.1 வினாடித் துணுக்குகளைப் போட்டு எது எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். அதில் மெட்டு எங்கே இருக்கும்? குரலும் வாத்தியமும் கலந்த அந்தச் சத்தத்தின் நிறம் மட்டும்தான். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே சரியாகச் சொன்னார்கள்.

கேள்வி ஞானம் என்கிறோமே, அது உனக்கு நிறையவே இருக்கிறது கண்ணு. இனி இல்லை என்று சொல்லாதே.

ஆமாம், அது என்ன பாட்டு என்று கடைசிவரை சொல்லவே இல்லையே. அடுத்த முறை கூப்பிடும்போது முணுமுணுத்துக் காட்டு, சுருதி எங்கே போனாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

அம்மா