ஏற்காடு போவதற்கு முன்: ஆறாம், ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துப் போவதாக எழுதி, ஒப்புதல் படிவம் அனுப்பியிருந்தோம். பெரும்பாலானவை கையெழுத்தோடு வந்துவிட்டன. ஆனால் கையெழுத்துக்குக் கீழே சிலர் எழுதியிருப்பதைப் படித்த பிறகு, உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று தோன்றியது. "பாம்பு இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டாம்." "மண் தரையில் உட்கார வைக்காதீர்கள், பூச்சி கடித்துவிடும்." "மரம் அடர்ந்த இடம் என்றாலே என் மகளுக்குப் பயம். அவள் பஸ்ஸிலேயே இருக்கட்டும்."

நம் சேலத்தில் பலருக்கு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே சேர்வராயன் மலை தெரியும். கோரிமேடு தாண்டினால் அடிவாரம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. நம் பிள்ளைகள் அங்கே போகாதவர்கள் இல்லை. ஏரியில் படகு, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டில் நாலு போட்டோ, இருட்டுவதற்குள் கீழே. சாலையை விட்டுப் பத்தடி உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். கைகள் அதிகம் எழவில்லை.

பிள்ளைகள் பயப்படுவதில் தவறே கிடையாது. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். 1980களில் அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேகாவும் அவருடைய குழுவினரும் குரங்குகளை வைத்துச் சோதனைகள் செய்தார்கள். காட்டில் வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் நடுக்கம். அவற்றுக்கு ஆய்வுக்கூடத்தில் பிறந்த பிள்ளைகளோ பாம்பைப் பார்த்து அலட்டிக்கொள்ளவில்லை. தாயோ தகப்பனோ பாம்பைக் கண்டு பதறுவதைப் பார்த்ததும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் அதே பதற்றம் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு, ஒரு குரங்கு பூவைப் பார்த்து மிரள்வதுபோல வீடியோவைத் திருத்திக் காட்டினார்கள். பூ மேல் பயம் ஒட்டவில்லை. அதாவது சில பயங்கள் பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கின்றன, தீப்பெட்டி மட்டும் பெரியவர்கள் கையில்.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. சாப்பிடாத பிள்ளைக்குப் பல்லி வரும், தூங்காத பிள்ளைக்கு இருட்டில் பூச்சாண்டி வருவான். கரப்பான் பறந்தால் முதலில் கட்டில் மேல் ஏறுவது அப்பா. (எந்த அப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள்.)

சென்ற மாதம் மழைக்குப் பிறகு, பள்ளிக் குழாயடிச் சுவரில் மரவட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி அலறிவிட்டாள். அறிவியல் ஆசிரியை அவளை அருகில் வரச் சொல்லவில்லை, "இதற்குப் போயா?" என்று சிரிக்கவும் இல்லை. வராந்தாவிலேயே நின்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கால்கள் பின்னாலிருந்து முன்னாலே அலை அலையாக நகர்கின்றன. ஒரு குச்சி பட்டதும் பத்து ரூபாய் நாணயம்போலச் சுருண்டுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தலை வெளியே வருகிறது, உணர்கொம்பு தரையைத் தட்டிப் பார்க்கிறது. மறுநாள் அந்தப் பெண் இரண்டு படி இறங்கி வந்தாள். அந்த வார இறுதியில் அவளுடைய நோட்டில் மரவட்டைக்குக் கணுவுக்கு இரண்டு ஜோடிக் கால், பூரானுக்கு ஒரே ஜோடி என்று இரண்டு படங்கள் இருந்தன. பூரான் கடிக்கும், மரவட்டை கடிக்காது, ஆனால் அது கசியவிடும் திரவம் கண்ணில் பட்டால் எரியும் என்றும் எழுதியிருந்தாள். இதுவரை அவள் அதைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த முறை புதிதல்ல. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அழுத பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். பீட்டர் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக் கொடுத்தான். கையைப் பிடித்து இழுத்து, "தொட்டுப் பார்டா, ஆம்பளைப் பையன்தானே" என்று சொல்லியிருந்தால் பயம் இரட்டிப்பாகியிருக்கும். ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் பையன்களும் பெரும்பாலும் பயந்தவர்கள்தான் என்பது என் அனுபவம். யாரும் அவர்களைப் பயந்தவர்கள் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சரி, உண்மையான ஆபத்துக்கு வருவோம். பாம்பு இருக்கிறது. மலையிலும் இருக்கிறது, கொண்டலாம்பட்டி வயல் வரப்பிலும் இருக்கிறது. நம் நாட்டில் அதிக உயிரிழப்புக்குக் காரணமானவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும். இந்த நான்கையும் படத்தில் அடையாளம் காண வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டோம். எலி தின்னும் சாரைப்பாம்புக்கு விஷம் கிடையாது. சேர்வராயன் மலைக்கே உரியதாக ஒரு கேடயவால் பாம்பு உண்டு. மண்ணுக்குள் வாழும், மண்புழு தின்னும், யாருக்கும் தீங்கு செய்யாது. இதைக் கேட்டதும் ஏழாம் வகுப்பில் "சார், அது நம்ம ஊர்ப் பாம்பு" என்று ஒரே பெருமை! எந்தப் பாம்பு கடித்தாலும் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள்.

காப்பித் தோட்டங்களில் காட்டுமாடு நடமாட்டம் உண்டு. கண்ணில் பட்டால் சத்தமில்லாமல் விலகிவிடுவோம். போட்டோவுக்காக ஒரு அடிகூட முன்னே போக மாட்டோம். குரங்குகளுக்குத் தீனி போட அனுமதி இல்லை. பொந்து, கல் இடுக்கு, சருகுக் குவியல் எதிலும் யாரும் கை விட மாட்டார்கள்.

பயணத்துக்கு முன்பே பழக்கம் தொடங்கிவிடுகிறது. இந்த மாதம் வாரத்தில் ஒரு பாடவேளை பள்ளி வேப்பமரத்தடியில், மண் தரையில். அடுத்து ஒரு சனிக்கிழமை காலை கன்னங்குறிச்சி மூக்கனேரி. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் நிரப்பும் ஏரி அது. நடுவே மண் திட்டுகளில் மரம் வளர்ந்து பறவைகள் அடைகின்றன. அதன் பிறகுதான் ஏற்காடு. அங்கே காப்பிப் பழம் பறிக்கும் பருவமாக இருக்கும். சில்வர் ஓக் நிழலும் மிளகுக் கொடியும் உள்ள ஒரு தோட்டத்தில் நடப்போம். பிறகு தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சி தின்னும் குடுவைச் செடியைப் பார்ப்போம். பஸ்ஸிலேயே இருக்க விரும்பும் பிள்ளைக்குத் துணையாக ஓர் ஆசிரியர் இருப்பார். இறங்கச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. பல்லியையும் பூச்சாண்டியையும் கொஞ்ச நாள் விடுப்பில் அனுப்புங்கள். இடி இடிக்கும் மாலையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை விநாடி என்று பிள்ளையோடு சேர்ந்து எண்ணுங்கள். அதை மூன்றால் வகுத்தால் மின்னல் அடித்த இடம் ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் வயலிலும் கிணற்றடியிலும் பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள், பேய்க்கதை மட்டும் வேண்டாம். பயம் வந்தால் உடம்பு நடுங்கி, மூச்சு வாங்கி, தூக்கம் கெடும் அளவுக்குப் போகும் பிள்ளை என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். மருத்துவர் ஒருவரிடம் கலந்து பேசுவோம்.

தேனீ கொட்டினால் ஒவ்வாமை, ஆஸ்துமா, மலைப்பாதையில் வாந்தி போன்றவை இருந்தால் படிவத்தின் பின்பக்கம் எழுதுங்கள். முழுக்கால் சட்டை அல்லது சுடிதார், மூடிய ஷூ, ஒரு ஸ்வெட்டர், மதியத்துக்குப் புளிசாதமோ தயிர்சாதமோ போதும். அழுக்கானால் திட்டாத உடையாகப் போட்டு அனுப்புங்கள். படிவம் தராதவர்கள் வரும் வெள்ளிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். இன்னும் தயக்கம் இருப்பவர்கள் எந்த நாளும் மாலை நாலரை மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சேலம்