கொட்டியாரக் குடாவை விட்டுவிட்டுத் திருகோணமலையை எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லீவுக் காலம் வந்தால் திருகோணமலையைப் பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரை வருகிறது, சந்தோஷம். ஆனால் கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளி, புறாமலை, அதோடு சரி. தெற்கே கொட்டியாரக் குடாப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருந்தபோதும் திருகோணமலைதான் தலைநகர், 2007இல் பிரிந்த பிறகு கிழக்கு மாகாணத்துக்கும் இதுதான். அப்படியிருக்க, தலைநகரை ஒரு மலையும் இரண்டு கடற்கரையுமாகச் சுருக்கினால் எப்படி?

கோணேசர் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் போர்த்துக்கேயர் அதை இடித்ததையும் அந்தக் கற்களை வைத்தே கோட்டை கட்டியதையும் மறக்காமல் எழுதுகிறார்கள். அப்போது மறைத்துக் கொண்டுபோன மூர்த்தங்களை வைத்து எழுப்பியதுதான் தம்பலகாமம் ஆதிகோணேசர் கோயில் என்று எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள், அதை எத்தனை பேர் எழுதினார்கள்? கோயிலைச் சுற்றி கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்கள், பார்க்கவே மனசு நிறையும்.

அப்புறம் கிண்ணியா. முன்பு பாதை என்கிற மிதவைப் படகுக்காகக் காத்து நின்றுதான் அக்கரைக்குப் போக வேண்டும், நோயாளியோடு நின்றவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். 2009இல் 396 மீற்றர் நீளத்தில் பாலம் வந்தது, கிண்ணியா திருகோணமலை நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் போனால் மூதூர். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலப்பது அந்தப் பக்கத்தில்தான். வெருகல் முருகன் கோயில் வரைக்கும் அந்தத் தெருவில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். மண்சட்டித் தயிரும் மீனும் நெல்லும் அங்கிருந்துதான் நகரத்துச் சந்தைக்கு வருகின்றன. போரிலும் சுனாமியிலும் அடிவாங்கிய ஊர்கள் அவை, ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினால் அங்குள்ள சின்னக் கடைக்காரருக்கு அது பெரிய உதவி.

கோட்டையிலும் கடற்கரையிலும் திரியும் மான்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டைப் பொலித்தீனோடு வீசிவிட்டுப் போகாதீர்கள், அதைத் தின்று மான்கள் சாகின்றன. இதைப் படங்களோடு பெரிதாகப் போடுங்கள்.

அடுத்த தடவை உங்கள் நிருபரை மூதூர் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். ஒரு நாள் போதாது, இரண்டு நாளாவது அங்கே தங்கட்டும்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர் ஒருவர்