கதிரவெளி அகழாய்வுக்கு மாரிக்கு முன் சிபாரிசு வழங்கக் கோரும் மனு

பெறுநர்: சிபாரிசுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள், மட்டக்களப்பு.

விடயம்: வெளிநாட்டு ஆய்வாளருடனான கூட்டு அகழாய்வு – காணி, கருவிகள், மாதிரிகள்

மதிப்பிற்குரிய ஐயா,

முன்னர் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராதபடியால் தாழ்மையுடன் மீண்டும் எழுதுகிறோம். இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாகரை தாண்டி வெருகல் போகும் ஏ15 வீதியும், கதிரவெளியின் பெருங்கற்கால ஈமச் சின்னங்களும் தாங்கள் அறிந்தவையே. பொம்பரிப்பு, இப்பன்கட்டுவ, ஆனைக்கோட்டை ஆகிய பெருங்கற்கால இடங்களோடு ஒப்பிட, கதிரவெளிக்கு நம்பத்தக்க காலக்கணிப்பு வேண்டும். அதற்கே இந்த முயற்சி.

1. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அகழ்வு உரிமம் தருபவர் தொல்பொருள் பணிப்பாளர் நாயகம். அதைத் தங்களிடம் கேட்கவில்லை. காணிக்கு ஆட்சேபனை இல்லை என்ற ஒரு பக்கக் கடிதத்தையே கேட்கிறோம். அது போகாமல் எங்கள் விண்ணப்பக் கோவை கொழும்பில் நகராது. உரிமம் வராமல் வெளிநாட்டவரின் விசாவுக்கும் வழியில்லை. சுற்றுலா விசாவில் வந்து அவர்கள் மண்வாரி தொட முடியாது.

2. நில ஊடுருவு ராடாரும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியும் தற்காலிக இறக்குமதியாக வந்து திரும்பிவிடும். ட்ரோனுக்கு சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையினதும் பாதுகாப்பு அமைச்சினதும் அனுமதி வேண்டும், விண்ணப்பங்கள் தயார்.

3. எங்களை அதிகம் வருத்துவது காலம். கச்சான் காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் அந்தக் கரையோர மணலில் குழி நிற்கும். ஒக்டோபரில் மழை தொட்டால் நிலத்தடி நீர் ஏறத் தொடங்கும். மேலே தறப்பாள் கட்டலாம். கீழிருந்து ஊறும் நீரைத் தறப்பாள் தடுக்குமா? பம்பி வைத்து இறைத்தால் இன்னும் கேடு. சுற்றிலுமுள்ள நீர் குழியை நோக்கி இழுபட்டு, நுண்மணலையும் அள்ளிக்கொண்டு வரும். அடி கரைந்து சுவர் அப்படியே சரியும். யூரியாப் பையில் மணல் நிரப்பி முட்டுக் கொடுத்தாலும் ஓரிரு நாள்தான். சரிந்தால், பத்துப் பத்து சென்ரிமீற்றராகப் பிரித்தெடுத்த மண்படைகள் கலந்துவிடும். மேற்படைக் கரித்துண்டு ஒன்று கல்லறையின் அடியில் விழுந்தால் கல்லறையின் வயதே பல நூற்றாண்டு பிழையாகிவிடும். பிறகு எந்த ஆய்வுகூடமும் அதைத் திருத்தித் தராது. ஊறிய மட்பாண்ட ஓட்டில் கீறல் குறி இருந்தால் துடைக்கும்போதே மேற்பரப்பு உரிந்து போகும். உப்பேறிய இரும்பு காயக் காயத் தகடு தகடாகக் கழலும். ஒரு கல்லறையை ஒருமுறைதான் தோண்டலாம், ஐயா. கையொப்பம் மே மாதத்தில் விழுந்தாலும் நவம்பரில் விழுந்தாலும் கோவைக்கு ஒன்றுதான். குழிக்கு ஒன்றல்ல! மாரிக்குள் தள்ளிவிட்டு "அனுமதி தந்தோமே" என்று சொல்வதால் யாருக்குப் பயன்?

4. கரித்துண்டுகளின் வயதை ஏஎம்எஸ் (முடுக்கி வழிக் கரிமக் கணிப்பு) முறையில் அளக்க தில்லிக்கோ அகமதாபாத்துக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்ப வேண்டும். ஒன்றுக்குச் சில பத்து மில்லிகிராம் போதும். இடுக்கியால் எடுத்து, நிழலில் உலர்த்தி, அலுமினியத் தாளில் சுற்றுவோம். பஞ்சு பட்டால் இன்றைய கரிமம் கலந்துவிடும். ஒன்றிரண்டு மாதிரி போதாதா என்று கேட்கலாம். போதாது. கி.மு. 800 முதல் 400 வரை கரிம அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் திருத்த வளைகோடு தட்டையாகக் கிடக்கிறது. தனி மாதிரி அந்த நானூறு ஆண்டுக்குள் எங்கும் விழலாம். ஆகவே படை வரிசையில் எட்டுப் பத்தாவது வேண்டும். கூடவே, மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளித்தூண்டல் கணிப்புக்கான மணல், இருபுறமும் அடைத்த எஃகுக் குழாய்களில் போகும். சுங்கத்தில் யாராவது மூடியைத் திறந்தால் ஒரு நிமிட வெயிலிலேயே மாதிரி வீண். "ஒளி படக்கூடாது" என்று மும்மொழியில் ஒரு கடிதம் தாருங்கள். மண் என்பதால் பெறும் நாட்டின் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதியை நாங்கள் பெற்றுக்கொள்வோம்.

5. மறுப்பதாயின் மறுத்தே எழுதுங்கள். பதிலே இல்லாமல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் என்ன சொல்வது? அவர்கள் வரக்கூடியது அவர்களது விடுமுறைக் காலத்தில் மட்டும்.

காணிக் கடிதத்தை ஏப்ரல் முடிவதற்குள் வழங்கும்படி மீண்டும் மன்றாடிக் கேட்கிறோம். குழி வரைபடம், மீள்நிரப்பும் திட்டம், மாதிரிப் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஏதாவது குறைந்தால் தொலைபேசியில் சொன்னாலும் போதும், அன்றே கொண்டுவந்து தருவோம். தயவுசெய்து மாரிக்கு முன், ஐயா.

இங்ஙனம்,
கதிரவெளி அகழாய்வு உள்ளூர் ஏற்பாட்டாளர்கள்