காரைக்குடியில் வந்திறங்கும் வெளிநாட்டு மாணவருக்கு முதல் 30 நாள்: ஒரு திறந்த மடல்

இந்திய கலாச்சார உறவுகள் கவுன்சிலின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

1950இல் மௌலானா ஆசாத் இந்தக் கவுன்சிலைத் தொடங்கியதிலிருந்து வெளிநாட்டு மாணவருக்குத் தரும் உதவித்தொகை நம் வெளியுறவின் ஒரு கருவியாகவே இருந்து வருகிறது. சிம்லாவில் முதுகலை படித்த ஹமீது கர்சாய் ஆப்கானிஸ்தானின் அதிபரானார். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) ஆய்வு செய்த பாபுராம் பட்டராய் நேபாளத்தின் பிரதமரானார். இந்தியா சொன்னதையெல்லாம் இவர்கள் கேட்டார்கள் என்பதில்லை. ஆனால் இந்தியா அவர்களுக்கு அந்நிய தேசமாக இருக்கவில்லை. அதுவே பெரிய லாபம்.

2021-22 கணக்கில் நாடு முழுவதும் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். அவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் நேபாளத்தவர். வெளிநாட்டு மாணவர்களுக்கென 25 விழுக்காடு கூடுதல் இடம் வைத்துக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஆகவே இடப் பற்றாக்குறை என்று யாரும் சொல்ல முடியாது. சிக்கல் மாணவர் வந்து இறங்கிய பிறகு இருக்கிறது. செட்டிநாடு போன்ற சிற்றூர்ப் பகுதியில் அது இன்னும் கூடுதல்.

வரிசையாகச் சொல்கிறோம். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்தாக வேண்டும். சென்னையில் அதற்கென்று தனி அலுவலகம் உண்டு. இங்கே பதிவு அலுவலர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், அவர் இருப்பது சிவகங்கையில். விண்ணப்பம் இணையவழி என்றாலும் தங்குமிடச் சான்று கேட்பார்கள். விடுதியோ வாடகை வீட்டுக்காரரோ 24 மணி நேரத்துக்குள் 'சி படிவம்' (வெளிநாட்டவர் தங்கியிருப்பதைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்கும் படிவம்) போட்டிருந்தால்தான் அது சுலபம். கல்லூரி விடுதிக்குப் பழக்கம் இருக்கும். மாடி அறையை வாடகைக்கு விடுபவருக்கு அப்படியொரு படிவம் இருப்பதே தெரியாது. மாணவர் தாமதமாகப் பதிந்தால் அபராதம் அவர் தலையில் விழுகிறது.

அடுத்தது வங்கி. கடவுச்சீட்டு, விசா, சேர்க்கைக் கடிதம் மூன்றையும் காட்டினால் என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டு மாணவரும் இங்கே வைத்துக்கொள்ளக்கூடிய ரூபாய்க் கணக்கு) தொடங்கலாம். உள்ளூர் முகவரியை 30 நாளுக்குள் தந்தால் போதும். முகவரி சரிபார்க்கப்படும் வரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலர் வரை வரலாம், மாதம் ரூ.50,000 வரை எடுக்கலாம். ரிசர்வ் வங்கியின் விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், கிளைகளில் முதல் கேள்வி "ஆதார் இருக்கா?" என்பதுதான். ஓராண்டில் 182 நாள் இங்கே வசித்த வெளிநாட்டவருக்குத்தான் ஆதார் கிடைக்கும். நேற்று வந்தவர் எங்கே போவார்? கணக்கு இல்லாமல் உதவித்தொகை இறங்காது. இளநிலை மாணவருக்கு மாதம் ரூ.18,000 என்று ஆணை கையில் இருக்கும், மெஸ் பாக்கி ஏறிக்கொண்டிருக்கும்.

ஆள் சேர்க்கும் இடத்திலும் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் 11 ஆண்டுப் படிப்பு. அதை மட்டும் வைத்து இங்கே பட்டப்படிப்பில் சேர முடியாது, அதற்கு மேல் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வோ அதற்கு இணையான ஒன்றோ வேண்டும். இலங்கையின் உயர்தரத் தேர்வு (ஏ லெவல்) 13 ஆண்டு, அங்கே அந்தத் தொல்லை இல்லை. இதைக் கல்விக் கண்காட்சி மேசையிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, "டூரிஸ்ட் விசாவில் வாங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்னும் முகவர்கள். அந்த விசாவை மாற்ற முடியாது. திரும்பிப் போய்ப் புதிதாக விண்ணப்பிப்பதற்குள் பருவம் பாதி போய்விடும். வீடு திரும்பும் அந்தப் பிள்ளை தன் ஊரில் இந்தியாவைப் பற்றி என்ன சொல்லும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த மண்ணுக்கு இது புதிய பாடமல்ல. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன நகரத்தார், அங்கே தொழிலுக்கும் தங்கலுக்குமான கிட்டங்கி வைத்திருந்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய, தொழில் பழக வரும் பெட்டியடிப் பையனுக்குப் பெட்டி வைக்க இடம், படுக்கப் பாய், வேளைக்குச் சாப்பாடு, ஊர் நடப்பு சொல்ல மேலாள் (மூத்த பணியாளர்) எல்லாம் அங்கே தயாராக இருந்தன. கணக்கு எழுதுவது அதற்குப் பிறகுதான்.

அதே ஏற்பாட்டைத்தான் இன்று கேட்கிறோம். கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் விமானங்கள் திருச்சியில் இறங்குகின்றன. அங்கிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். ஜூலை முதல் செப்டம்பர் வரை காரைக்குடியில் ஒரே ஓர் உதவி மேசை போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் காவல் துறையின் பதிவுப் பிரிவு எழுத்தரும், என்ஆர்ஓ விதி தெரிந்த வங்கி அலுவலரும் அங்கே உட்காரட்டும். கணக்குத் திறக்கும் வரை முதல் மாதத் தொகையைக் கல்லூரி முன்பணமாகத் தந்து பிறகு கவுன்சிலிடம் ஈடுகட்டிக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி கொடுங்கள். அறை வாடகைக்கு விடுவோருக்கு 'சி படிவம்' பற்றித் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை போதும். அதை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
செட்டிநாட்டுக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கைப் பணியில் இருப்போர்
காரைக்குடி