அந்த அரை டீஸ்பூன் யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழங்காலச் சமையல் குறிப்புகள் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அதோடு வந்த ரோமானிய ஆட்டுக்கறிச் செய்முறையில் ‘மிளகு அரை டீஸ்பூன், 40 நிமிடம் வேகவிடவும்’ என்றிருந்தது உறுத்தியது. அப்பிசியுஸ் என்ற ரோமானியரின் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் லத்தீன் சமையல் தொகுப்பில் பெரும்பாலான குறிப்புகளுக்கு அளவும் இல்லை, நேரமும் இல்லை. இதை இடி, அதை ஊற்று, மிளகைத் தூவிப் பரிமாறு, அவ்வளவுதான். அந்த அரை டீஸ்பூன் கட்டுரையாளரின் கணக்கு. அதைச் சொல்லியிருக்கலாம்.

அளவு சொல்லாததில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. தெரிந்தவர் தெரிந்தவருக்கு எழுதி வைத்தது. நாமும் ‘உப்பு தேவையான அளவு’ என்றுதானே எழுதுகிறோம்?

பழங்காலக் குறிப்புகளைச் சமைத்துப் பார்க்கும் இந்தக் கிறுக்கு எனக்கும் சில வருடங்களாக உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் பலகைகள் ஏறக்குறைய கி.மு. 1730-ஐச் சேர்ந்தவை. மருந்துக் குறிப்பு என்று வெகுகாலம் நினைத்திருந்தவற்றை, சமையல் குறிப்புகள் என்று 1980-களில் விளக்கிக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ழான் பொத்தெரோ. அதிலுள்ள பீட்ரூட் சேர்த்த கறிக் குழம்பில் ‘சமிது’ என்றொரு பொருள் வருகிறது. அது வெங்காய இனம் என்று ஒருவர் சொல்கிறார், ரவை என்று இன்னொருவர். இரண்டு விதமாகவும் செய்தேன். முதலாவது தெளிவான குழம்பு, இரண்டாவது கிட்டத்தட்டக் களி. ஒரே ஒரு சொல்லால் சாப்பாடே வேறாகிவிட்டது!

அளவு எழுதியிருந்தாலும் நம்பிவிட முடியாது. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்பு ஒன்றில் ஒரு பைண்ட் பால் என்றிருக்க, இன்றைய பிரிட்டிஷ் பைண்ட் என்று எண்ணி 568 மில்லி ஊற்றினேன். மாவு தோசைமாவு போல ஓடியது. அந்த 568 மில்லி 1824-இல் வந்த அளவு. அதற்கு முன் அங்கே புழங்கிய ஒயின் பைண்ட் சுமார் 473 மில்லிதான். அமெரிக்காவில் இன்றும் அதுவே. தவறு என்னுடையது, ஆனால் ஒரு வரி அடிக்குறிப்பு இருந்திருந்தால் பால் மிஞ்சியிருக்கும்.

பொருளே அழிந்துபோன கதையும் உண்டு. ரோமானியர்கள் உயிராய் நினைத்த சில்ஃபியம் என்ற செடி முதலாம் நூற்றாண்டிலேயே அருகிவிட்டது. கடைசியாகக் கிடைத்த ஒரே தண்டை நீரோ மன்னனுக்கு அனுப்பினார்கள் என்று அக்கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அதற்குப் பதிலாக அவர்கள் கையில் எடுத்தது நம் பெருங்காயத்தை. ஆகவே கட்டுரையாளர் பெருங்காயம் போட்டது சரிதான். அது அவர் செய்த சமரசம் இல்லை, ரோமானியர்களே செய்துகொண்டது. இதை ஏன் எழுதாமல் விட்டார் என்றுதான் புரியவில்லை.

இனி இப்படிப்பட்ட குறிப்புகளை வெளியிடும்போது மூல வரிகளின் நேர் மொழிபெயர்ப்பை முதலில் போட்டு, ஊகித்த அளவுகளைச் சாய்வெழுத்தில் தரலாமே. எந்த நூல், எந்த ஆண்டு என்பதும் வேண்டும். அப்புறம், எச்சரிக்கையும் அவசியம். திராட்சைச் சாற்றைக் காய்ச்ச ரோமானியர்கள் காரீயப் பாத்திரத்தைத்தான் சிறந்ததாக நினைத்தார்கள். அசல் மாதிரியே செய்கிறேன் என்று யாராவது காரீயத்தைத் தேடிப் போகக் கூடாது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அந்த 40 நிமிடத்தில் கறி எப்படி வெந்தது? எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கட்டுரையாளர் குக்கரில் வைத்திருந்தால், அதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி