ஹெவி மெட்டல் கச்சேரியும் நம் ஊர் மண்டபங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடைபெற்ற, மின் கிட்டாரும் டிரம்ஸும் முழங்கும் மேற்கத்திய வகையான ஹெவி மெட்டல் இசை நிகழ்ச்சியைக் 'காதைக் கிழிக்கும் கூச்சல்' என்றும் 'சாத்தான் வழிபாடு' என்றும் கண்டித்து, சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த நிகழ்ச்சிக்கு ஒலி அமைத்தவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வட்டாரத்தில் திருமணம், திருவிழா, அரசியல் கூட்டம், உபந்நியாசம் என்று எல்லாவற்றுக்கும் மைக் செட் போட்டு வருபவன் என்ற முறையில், அவருக்குச் சில விளக்கங்களையும் தங்களுக்கு ஒரு வேண்டுகோளையும் எழுத விரும்புகிறேன்.

முதலில் என் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் சோதித்துப் பார்த்தபோது எழுந்த கீச்சொலி இசையே அன்று. பாடகரின் மைக்கை ஸ்பீக்கருக்கு நேராக வைத்துவிட்டதால் வந்த ஹவுலிங் அது. அதற்கு நான்தான் பொறுப்பு, அந்தப் பிள்ளைகள் அல்லர். மேலும், அந்த மண்டபம் தகரக் கூரை போட்டது. அடித் தொனி அங்கே தேங்கி நின்று அதிரும். சுவரோரம் உட்கார்ந்தவர்களுக்கு அது தொல்லையாகவே இருந்திருக்கும். ஆனால் அன்று நான் வைத்தவை பக்கத்துக்கு இரண்டு பாக்ஸ்கள் மட்டுமே. அதே மண்டபத்தில் நடுத்தர வசதியுள்ள வீட்டுத் திருமண வரவேற்புக்கு இதைப் போல் இரண்டு பங்கு வைக்கச் சொல்கிறார்கள், நானும் வைத்திருக்கிறேன். அப்போது யாரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இனி, அந்தக் குழுவைப் பற்றி. நால்வர். கிட்டார் வாசிப்பவர்கள் இருவர், டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர், பேஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டே பாடுபவர் ஒருவர். ஒருவர் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார், ஒருவர் டயர் ரீட்ரெடிங் பட்டறைக்காரரின் மகன், மற்ற இருவரும் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். எந்த இசை நிறுவனத்தோடும் அவர்களுக்கு ஒப்பந்தம் கிடையாது. மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலையின் கிடங்கில், பக்கத்து வயல்களில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பயிற்சி செய்கிறார்கள்; என்னிடம் நான்கு மைக்குகளை இரவல் வாங்கிப்போய் அங்கேயே மடிக்கணினியில் ஐந்து பாடல்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். குழுவின் பெயரை இங்கே எழுதினால் தாங்கள் இதை விளம்பரம் என்று ஒதுக்கிவிடக்கூடும் என்பதால் எழுதவில்லை. அவர்களுக்கும் அதில் வருத்தமில்லை.

அவர்களுடைய இசை எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி தன் சக்திக்கு மேல் முழங்கும்போது ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரப்பாக ஒலிக்கும். எங்கள் தொழிலில் அது குற்றம். 'சவுண்டு கிழியுது' என்று மேடையிலிருந்து ஒரு குரல் வந்தால் அன்றைய வாடகையில் பாதி போயிற்று என்று பொருள். வாழ்நாளெல்லாம் எதைத் தவிர்க்கப் பாடுபட்டேனோ அதையே இந்தப் பிள்ளைகள் ஒரு சிறிய பெட்டியைக் காலால் மிதித்து வேண்டுமென்றே வரவழைத்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனால் நான்கு ஒத்திகைகளுக்குப் பிறகு காது பழகியது. அந்தக் கரகரப்பில் காந்தாரத்தைச் சேர்த்து மீட்டினால் ஒலி கலங்கிவிடும் என்பதால், கிட்டார்க்காரர்கள் பெரும்பாலும் சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் ஆகியவற்றையே ஒன்றாக மீட்டுகிறார்கள். ஸ, ப, ஸ. நம் வித்துவான்கள் பாட உட்காருமுன் தம்புராவில் கூட்டிக்கொள்ளும் சுரங்கள்தாம் அவை. மின்சாரத்தில் ஏறிக் கோபமாக வருகின்றன, அவ்வளவே. இந்த இசையின் மூலவர்களாகக் கருதப்படும் 'பிளாக் சப்பாத்' குழு 1970-ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் இசைத்தட்டின் தொடக்கப் பாடல், சட்ஜத்திலிருந்து பிரதி மத்திமத்துக்குப் போய் நின்று அச்சமூட்டும். சுரம் நமக்குப் புதிதன்று. அதில் நின்று மிரட்டுவதுதான் புதிது.

பாடகரின் குரலைப் பற்றி அன்பர் கடுமையாக எழுதியிருக்கிறார். அடித்தொண்டையிலிருந்து உறுமுவதைப் பாட்டு என்று எப்படி ஏற்பது என்று கேட்கிறார். நியாயமான கேள்வியே. மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்மர் முகமூடி அணிந்தவர் தூணிலிருந்து வெளிப்பட்டுக் கர்ஜிக்கும்போது அதில் சுருதி இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. அந்த இடத்துக்கு அதுதான் பொருத்தம் என்று கைகூப்புகிறோம். இந்தப் பையன் உறுமுவதற்கும் ஓர் இடம் இருக்கிறது. அவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னை விவசாயி வீட்டுப் பிள்ளை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோது, அவர் பாட்டனார் வைத்த தோப்பு விடிவதற்குள் படுத்துவிட்டது. அந்த இரவைப் பற்றியதுதான் அன்று மூன்றாவதாகப் பாடிய பாட்டு. தமிழில், அவரே எழுதியது. மரம் முறியும் ஓசையை வரிகளில் எங்கும் வருணிக்கவில்லை. டிரம்ஸ்காரர் இரட்டைப் பெடலில் அதை அடித்துக்காட்ட, பாடகர் காற்றாகவே நின்று கத்துகிறார். புயலுக்குப் பிந்திய வாரங்களில் மின்சாரம் இல்லாமல், குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்ற என் ஜெனரேட்டர்கள் இரண்டையும் ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டியவன் நான். வேரோடு பெயர்ந்து கிடந்த தோப்புகளின் நடுவே வண்டிக்கு வழி தேடிப் போயிருக்கிறேன். இந்தப் பாட்டை இனிய குரலில் பாடியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

சாத்தான் விஷயத்துக்கு வருகிறேன். ரசிகர்கள் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்புபோல நீட்டி ஆட்டியதைக் கண்டு அன்பர் கலங்கிவிட்டார். அந்த முத்திரையை இந்த இசை உலகில் பரப்பியவர் ரோனி ஜேம்ஸ் டியோ என்ற பாடகர். இத்தாலிய வழிவந்த அவருடைய பாட்டி, கண்ணேறு படாமல் இருக்கக் காட்டும் கைச்சைகை அது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதாவது, திருஷ்டி கழிப்பது. நம் வீடுகளில் பாட்டிமார் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்துச் சொடுக்குவதற்கு ஒன்றுவிட்ட தங்கை முறை என்று கொள்ளலாம். கறுப்புச் சட்டையின் கதை இதைவிட வேடிக்கையானது. மண்டபத்துக் காவலர் முதலில் பகுத்தறிவுக் கழகக் கூட்டம் என்று நினைத்தார். பிறகு மே மாதத்தில் ஐயப்ப பக்தர்களும் வரமாட்டார்களே என்று என்னிடம் வந்து விசாரித்தார். வந்தவர்கள் அறுபது பேருக்குள்தான். மன்னார்குடி, நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பல ஊர்களிலிருந்து பேருந்து ஏறி வந்தவர்கள்; ஊருக்கு ஒருவர் இருவராக இருப்பதால் இத்தனை நாளும் இந்த ரசனை தமக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தவர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் நாற்காலிகளை அவர்களே மடித்து அடுக்கினார்கள். முப்பது ஆண்டுகளில் எந்தக் கூட்டத்திலும் நான் காணாத காட்சி அது.

அந்நிய இசை என்ற வாதத்துக்கு வயலினைக் காட்டிப் பதில் சொல்வது தேய்ந்துபோன வழக்கம். எனவே, முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எழுதினார் என்பதை மட்டும் நினைவுபடுத்திவிட்டு மேலே செல்கிறேன்.

உண்மையில் எனக்கு நெருக்கமாகப் பட்டது வேறொரு செய்தி. பிளாக் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, தம் பதினேழாவது வயதில் பர்மிங்காமில் தகட்டு உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தவர். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறைகள் செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பின்னர் விரலுக்கு நோகாதபடி தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். இந்த இசைக்குரிய அடர்ந்த கனத்துக்கு அந்த இறங்கிய சுருதியும் ஒரு காரணம். தவில்காரர்கள் விரல்களில் கூடு மாட்டிக்கொள்வதை வாரந்தோறும் பார்க்கிறவன் என்பதால், இதை டிரம்ஸ்காரர் சொல்லக் கேட்டபோது எனக்கு அயலூர்க் கதையாகத் தோன்றவில்லை. இரும்புப் பட்டறை ஊரில் பிறந்த இசை இங்கே ஒரு டயர் பட்டறை வீட்டில் வந்து இறங்கியிருப்பதிலும் வியப்பில்லை.

இன்னொரு செய்தி, தங்களிடம் வைக்கப்போகும் வேண்டுகோளுக்குத் தொடர்புடையது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற 'அயர்ன் மெய்டன்' என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழு, ஒப்பந்தம் ஏதும் இல்லாத காலத்தில் 1978 டிசம்பர் கடைசி இரண்டு நாட்களில் நான்கு பாடல்களைச் சொந்தச் செலவில் பதிவு செய்தது. அந்த நாடாவை லண்டனில் நீல் கே என்பவர் இசைத்தட்டுகள் ஒலிக்கவிட்டு நடத்தி வந்த அரங்கில் கொடுத்தார்கள். வந்தவர்கள் அதையே மறுபடி மறுபடி கேட்டார்கள். ரசிகர்கள் கேட்ட பாடல்களின் பட்டியலை ஓர் இசை வார இதழ் அச்சிட்டு வந்தது. அதில் இவர்கள் பாட்டு ஏறியது. அதன் பிறகு மூன்று பாடல்களை இசைத்தட்டாக 5,000 பிரதிகள் போட்டு அஞ்சல் வழி விற்றார்கள். இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் அதற்கு அடுத்தபடிதான் வந்தது. அக்குழு 2007-இல் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்ததை நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்றும் திருவிழாபோலப் பேசுகிறார்கள். நல்ல கச்சேரி கேட்க அவர்களுக்கு மைசூர் எக்ஸ்பிரஸ் ஒன்றே வழியாக இருக்கிறது. டெல்லியைச் சேர்ந்த 'பிளட்டிவுட்' குழு டோல் மேளத்தையும் இந்தி, பஞ்சாபி வரிகளையும் வைத்துக்கொண்டு 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் ஹெவி மெட்டல் விழா மேடை வரை போயிற்று. வாக்கனும் ஒரு சிற்றூர்தான். நம் கிராமங்கள் பலவற்றைவிட மக்கள்தொகை குறைவு.

இங்கே நடப்பது என்ன? அன்பரின் கடிதம் வெளிவந்த மூன்றாம் நாள், அடுத்த மாதத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்ட மண்டபத்தார் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கல்லூரி விழாவில் 'சினிமாப் பாட்டு வாசித்தால் மேடை உண்டு' என்றார்கள். மெல்லிசைக் குழுக்கள் எனக்குச் சோறு போடுகிறவை. அவர்களைக் குறை சொல்ல என் நாக்கு எழாது. ஆனாலும் பிறர் பாட்டை அப்படியே வாசிப்பவர்களுக்கு ஊர்தோறும் மேடையும், சொந்தமாகப் பாட்டுக் கட்டுபவர்களுக்கு மூடிய கதவும் என்பது இசைக்குப் பெயர்போன தஞ்சைச் சீமைக்கு அழகன்று. ஒலியளவுதான் காரணம் என்றால், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் எல்லோருக்கும் பொது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். உண்மையைச் சொன்னால், அந்த 55-க்குள் எங்கள் தொழிலில் எவரும் அடங்குவதில்லை. மேளமும் வேட்டும் அரசியல் கூட்டமும் அடங்குவதில்லை. இந்தப் பிள்ளைகளின் நிகழ்ச்சி, காவல் நிலையத்தில் அனுமதி பெற்று, எட்டு மணிக்குள் முடிந்தது. விதியைக் காட்டி மறுப்பதானால் வரிசையில் முன்னே நிற்பவர்களிடமிருந்து தொடங்கட்டும்.

தஞ்சையிலுள்ள தென்னகப் பண்பாட்டு மையம், நகராட்சிகளின் கோடை விழாக்குழுக்கள், கல்லூரிகள் ஆகியோர் சொந்தப் பாடல் வாசிக்கும் இளங்குழுக்களுக்கு நிகழ்ச்சி நிரலில் அரை மணி நேரம் ஒதுக்கலாம். சன்மானம் கூட வேண்டாம். போக்குவரத்துச் செலவு போதும் என்கிறார்கள். ஒலி அமைப்பை என் செலவில் செய்து தரச் சித்தமாக இருக்கிறேன், ஆண்டுக்கு இரண்டு முறை வரை. அதற்கு மேல் எனக்குக் கட்டுபடியாகாது.

தங்களிடம் கேட்பது இன்னும் சிறிது. 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் உபந்நியாசம், இரத்த தான முகாம், பட்டிமன்றம் ஆகியவற்றுக்கு நடுவே இவர்கள் அனுப்பும் அறிவிப்பும் வரட்டும். இதுவரை இரண்டு முறை அனுப்பியும் வரவில்லை என்கிறார்கள், இடமின்மையாக இருக்கலாம். 'மாலை 5.30 மணி, தமிழ் ஹெவி மெட்டல் இசை, அனுமதி இலவசம்' என்றால் ஒரு வரிதான் ஆகும். இடத்தின் பெயரை மண்டபம் கிடைத்ததும் எழுதி அனுப்புவார்கள்.

கண்டித்து எழுதிய அன்பரையும் அந்த நிகழ்ச்சிக்கு அழைக்கிறேன். மண்டபத்தின் பின்புறம், என் மிக்சர் மேசைக்கு அருகே அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். ஒலி எல்லாப் பக்கமும் சமமாக வந்து சேரும் இடம் அதுதான். பஞ்சும் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒலி, ஒளி அமைப்பாளர்,
கும்பகோணம்.